ஆர்டித் வேண்டாம் என்ற செடி

வெண்டெல் காஃப்மன் வீட்டுக்குள் பேசுகிற ஆள் இல்லை. முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். பிள்ளைகள் போட்ட கூச்சலில் அவர் பங்குச் சத்தமும் தீர்ந்துபோய்விட்டதோ என்னவோ. காலையில் "காப்பி ஆச்சா", ராத்திரி "கதவு சாத்தியாச்சா", நடுவில் வாயில் கொழுக்கட்டை. அவர் மனைவி ஆர்டித் இதற்கெல்லாம் எப்போதோ பழகிவிட்டாள். பேசாத புருஷன் ஒன்றும் பெரிய குறை இல்லை. உலகத்தில் அதைவிட மோசமானதெல்லாம் இருக்கிறது. ஆனால் வீட்டில் பேசாத புருஷன் பக்கத்து வீட்டு வேலியில் கையை ஊன்றிக்கொண்டு மணிக்கணக்கில் பேசுகிறான் என்றால் எந்தப் பெண் பொறுப்பாள், நீங்களே சொல்லுங்கள்.

சமையலறைத் தொட்டிக்கு மேலே ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பெரிய மேப்பிள் மரம், அதன் நிழலில் ஒரு மரவேலி. வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு வாசனைப் புதர், அந்தப் பக்கம் ஒரு வாசனைப் புதர். ஸ்பைஸ்புஷ் என்று விற்பார்கள். இலையைக் கசக்கினால் எலுமிச்சையும் மிளகும் கலந்த மாதிரி ஒரு வாசம் வரும். காலையில் வெண்டெல் காப்பிக் கோப்பையோடு அங்கே போய் நிற்பார். அந்தப் பக்கத்திலிருந்து கோரின் ஹால்டமன் வருவாள், அவளும் கோப்பையோடு. பள்ளியில் சங்கீதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள், புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. பேசும்போதே பாடுகிற மாதிரி ஒரு குரல். இரண்டு பேரும் ஒரே இலைமேல் குனிந்துகொண்டு நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தபடி, கழுவிய நீலப்பூப் போட்ட தட்டையே திரும்பக் கழுவுவாள் ஆர்டித்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து சுட்ட ஆப்பிள் பலகாரத்தோடு வந்த தங்கை லோயிஸ் இதைக் கவனித்துவிட்டாள்.

"ஏங்க்கா, அந்தத் தட்டு உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு? பூவெல்லாம் அழிஞ்சிரும் போல இருக்கே."

"நீ சும்மா இருடி. அங்க பாரு. அப்படி என்னதான் பேச்சு?"

"செடியப் பத்தியா இருக்கும்."

"செடியப் பத்திப் பேச என்ன இருக்கு? மொளைச்சுது, வளர்ந்துது. முடிஞ்சுபோச்சு."

"அப்போ நீயும் போய் நில்லேன், யார் வேண்டாங்கறா?"

"நான் எதுக்குப் போய் நிக்கணும்? எனக்கு வீட்டுல வேலை இல்லையா?" என்று சொல்லிவிட்டு ஆர்டித் அந்தத் தட்டை மறுபடி நுரையில் முக்கினாள்.

ஒரு விஷயத்தை மட்டும் அவள் தங்கையிடம் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவும் பிடிக்காத விஷயம் அது. வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிற செடி ஆர்டித்துக்காக வாங்கியது.

மேப்பிள் நிழலில் புல் வராது. வசந்தத்துக்கு வசந்தம் வெண்டெல் விதை தூவுவார், மே மாதம் பச்சை காட்டும், ஜூலையில் செத்துப்போகும். ஒரு வருஷம் நாட்டுச் செடிக் குழு போட்ட சந்தையில் யாரோ அவரிடம் இந்தப் புதரைக் காட்டியிருக்கிறார்கள். இந்த ஊர்க் காட்டுச் செடி இது, நிழல்தான் இதற்குப் பிடிக்கும், ஒரு கறுப்புப் பட்டாம்பூச்சி இந்த இலையைத் தேடி வந்து முட்டையிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். மனுஷர் இரண்டு கன்று வாங்கிக்கொண்டு வந்தார். "ஒண்ணு எனக்கு, ஒண்ணு உனக்கு. உன் ஜன்னலுக்குக் கீழ வைக்கட்டுமா?" என்று கேட்டார். ஆர்டித் பதில் சொல்ல யோசிக்கவே இல்லை. "வெளிச்சத்த மறைச்சிரும். புழுவுக்குச் சோறு போடவா நான் ஜன்னல் வெச்சிருக்கேன்? எனக்கு வேண்டாம்."

அந்த வாரம்தான் கோரின் குடிவந்தாள். பாத்திரம் பண்டமெல்லாம் இன்னும் பெட்டியில் இருக்கும்போதே வேலியருகே வந்து, "அது என்ன செடி?" என்று கேட்டாளாம். கையில் மிச்சமிருந்த கன்றை வெண்டெல் வேலிக்கு மேலே நீட்டிவிட்டார். கேட்டவளுக்குக் கொடுத்தார், வேண்டாம் என்றவளுக்குக் கொடுக்கவில்லை. இதில் யாரைக் குற்றம் சொல்ல முடியும்? முடியாது என்பதுதான் ஆர்டித்தை அரித்தது.

செடியும் சும்மா இருந்ததா என்றால் இல்லை. அந்தப் பக்கத்துச் செடி செப்டம்பர் வந்தால் கிளை முழுக்கப் பளபளவென்று சிவப்புப் பழம் பிடித்தது. அதைத் தின்னப் பறவைகள் வந்து விழுந்தன. நாட்டுச் செடிக் குழுப் பெண்கள் கூட்டமாக வந்து பார்த்து, 'பட்டாம்பூச்சிகள் வாழும் தோட்டம்' என்று ஒரு தகரப் பலகையைக் கோரின் வாசலில் நட்டுவிட்டுப் போனார்கள். ஆர்டித் வீட்டுச் செடியிலும் இலை இருந்தது, இலையை மடித்துப் பட்டுநூலால் ஒட்டிக்கொண்டு உள்ளே தூங்கும் பச்சைப் புழுவும் இருந்தது. பழம்தான் ஒன்றுகூட இல்லை. பலகையும் இல்லை.

ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் அடக்க முடியாமல் கேட்டேவிட்டாள். "நம்மதுல மட்டும் ஏன் பழமே வரல?"

வெண்டெல் முகம் மலர்ந்தது. முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"நம்மது ஆண். அவங்களுது பெண். ஆண் செடியில பழம் பிடிக்காது. ஆனா இது பக்கத்துல இல்லன்னா அதுலயும் பிடிக்காது. மார்ச் கடைசியில, இலை வர்றதுக்கு முன்னாடி, ரெண்டும் மஞ்சளாப் பூக்கும். சின்னச் சின்ன ஈயும் தேனீயும் வரும். இங்கேர்ந்து பூப்பொடிய எடுத்துட்டு அங்க போகும்." சொல்லிவிட்டு உருளைக்கிழங்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் மனதில் கள்ளம் இல்லை. அது ஆர்டித்துக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம், சோறு இறங்கவில்லை.

லோயிஸிடம் சொன்னபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்போ அந்தப் பக்கம் இருக்கற பிள்ளைங்களுக்கெல்லாம் அப்பா உங்க வீட்டுல இருக்காருன்னு சொல்லு."

"வாயக் கழுவுடி."

"கோவிச்சுக்காதக்கா. செடியத்தானே சொன்னேன்."

செடியைத்தான் சொன்னாள். ஆனால் அந்தப் பேச்சு ஆர்டித்தை விடவே இல்லை. எழுந்தால் அது, படுத்தால் அது. குளிர்காலம் முழுக்க, வெளியே இலையில்லாமல் நின்ற இரண்டு புதர்களையும் பார்க்கும்போதெல்லாம் அதுதான். இலை போன பிறகு குச்சிகளில் மொட்டுகள் தெரிந்தன. கூர்மையாக இருப்பவை இலை மொட்டு, மிளகு மாதிரி உருண்டையாகக் கொத்துக் கொத்தாக இருப்பவை பூ மொட்டு. இதையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வெண்டெல் வேலியில் கோரினுக்குச் சொன்னதை ஜன்னலை ஒரு விரற்கடை திறந்துவைத்துக் கேட்டுக்கொண்டாள்.

பிப்ரவரியில் ஒரு நாள் வெண்டெல் கண் டாக்டரைப் பார்க்கப் பக்கத்து ஊருக்குப் போனார். கார் தெருமுனை திரும்பியதும் ஆர்டித் பூட்ஸை மாட்டிக்கொண்டாள். கொட்டகையிலிருந்து மடக்கு ஏணியை இழுத்து வந்து பனியில் நிறுத்தி, கத்தரியோடு ஏறினாள். அறுபது வயது, முழங்கால் வலி, கீழே வழுக்குகிற பனி. எதையும் யோசிக்கவில்லை. உருண்டை மொட்டு இருக்கிற குச்சி ஒவ்வொன்றாக வெட்டினாள். வேலிப் பக்கம் சாய்ந்திருந்த கிளைகளை இன்னும் ஒட்ட வெட்டினாள். என் வீட்டுச் செடி, என் கத்தரி, யார் என்னைக் கேட்பது என்று முணுமுணுத்துக்கொண்டே வெட்டினாள்.

வெட்டி முடித்த பிறகுதான் குச்சிகளை என்ன செய்வது என்ற யோசனை வந்தது. தெருவோரம் போட்டால் வெண்டெல் கண்ணில் படும். குளிர்காலக் கடைசியில் மொட்டுக் கிளைகளை வீட்டுக்குள் கொண்டுவந்து தண்ணீரில் வைத்தால் வெளியே பூக்கும் முன்னே உள்ளே பூத்துவிடும், அந்த ஊரில் எல்லாப் பெண்களும் செய்கிற காரியம்தான் அது. ஆர்டித்தும் செய்தாள். பூ ஜாடியில் வைத்தாள், ஊறுகாய் ஜாடியில் வைத்தாள், துடைப்ப வாளியில் வைத்தாள். குளியலறையில்கூட ஒரு கட்டு நின்றது.

சாயங்காலம் வெண்டெல் வந்தார். கதவருகே நின்று ஜாடிகளைப் பார்த்தார். ஜன்னல் வழியாக வெளியே செடியைப் பார்த்தார். மறுபடி ஜாடிகளைப் பார்த்தார்.

"பூக்க வைக்கலாம்னு" என்றாள்.

"நல்லா இருக்கு" என்றார் அவர். சிரித்தார். அப்புறம் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒவ்வொரு குச்சியின் அடியையும் சாய்வாக நறுக்கி, வெதுவெதுப்பான தண்ணீர் மாற்றி வைத்தார்.

மார்ச் பிறந்ததும் வீடு முழுக்க மஞ்சளாகப் பூத்தது. வெளியே முழங்கால் பனி, உள்ளே தேன் வாசம். அதைவிட அதிசயம், வெண்டெல் பேச ஆரம்பித்தார். காப்பியோடு வேலிக்குப் போகாமல் மேஜையில் உட்கார்ந்து பேசினார். சின்ன வயதில் சஸ்குவேஹன்னா ஆற்றங்கரைக் காட்டில் இந்தக் குச்சியை மென்றுகொண்டே நடந்தது, பேருந்தில் தினமும் முன்சீட்டில் உட்கார்ந்து அழுத ஒரு பெண்குழந்தை, பல் டாக்டரிடம் சீட்டு எழுதும் வேலையிலிருந்த ஆர்டித்தை முதன்முதலாகப் பார்த்துவிட்டு, வலிக்காத பல்லை வலிக்கிறதென்று மறுபடி வந்தது. கடைசி விஷயம் அவளுக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது. அவள் தட்டுக் கழுவ மறந்து உட்கார்ந்திருந்தாள். திருட்டுத்தனமாகச் செய்த காரியத்துக்கு இப்படி ஒரு பலனா என்று உள்ளூரச் சந்தோஷம்தான்.

ஒரு நாள் காலை சமையலறைக்குள் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஜன்னல் கண்ணாடியில், வெள்ளைப் பனிக்கு எதிரே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புப் பட்டாம்பூச்சி சிறகை அடித்துக்கொண்டிருந்தது. பின்சிறகில் நீலப் பொடி தூவியிருந்தது. ஜாடியில் ஒரு குச்சியில், காய்ந்த இலைத்துண்டு என்று அவள் நினைத்திருந்த ஒன்று வெடித்து வெறும் கூடாகத் தொங்கியது. போன இலையுதிர்காலத்தில் இடுப்பில் நூல் கட்டிக்கொண்டு உறங்கப்போன கூட்டுப்புழு அது. மே மாதம் வரை உறங்கவேண்டியதை அடுப்புச் சூடு எழுப்பிவிட்டுவிட்டது.

வெண்டெல் வந்து பார்த்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"வெளிய விட்டா?" என்று கேட்டாள் ஆர்டித்.

"மத்தியானத்துக்குள்ள செத்துரும்."

"உள்ள வெச்சிருந்தா?"

"கொஞ்ச நாள் இருக்கும். தனியா."

அவர் திட்டவில்லை. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துப் பஞ்சில் நனைத்தார். பட்டாம்பூச்சியை விரலில் ஏற்றிக்கொண்டுவந்து, சுருண்டிருந்த அதன் நாக்கைப் பல்குச்சியால் பதமாக நீட்டிப் பஞ்சில் வைத்தார். அது குடித்தது. "பாரு, குடிக்குது" என்றார். ஆர்டித் அவர் தோள்மேல் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். புழு என்றாலே முகம் சுளிக்கிறவள், அந்தப் பூச்சி மெல்லிய நாக்கால் உறிஞ்சுவதைக் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

அப்போதுதான் அவர் சொன்னார். "கோரினைக் கூப்பிட்டுக் காட்டணும்."

அவ்வளவுதான். பற்றிக்கொண்டு வந்தது ஆர்டித்துக்கு. தோளிலிருந்து கையை எடுத்தாள்.

"இது என் வீட்டுச் சமையலறை. இங்க யாரும் வரவேண்டாம்."

"ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போயிருவாங்க, ஆர்டித்."

"அவளுக்குத்தான் பலகை இருக்கே. பழம் இருக்கே. நீ இருக்கியே. இதாவது எனக்குன்னு இருக்கட்டும்."

வெண்டெல் அவளைப் பார்த்தார். சரி என்று தலையசைத்தார். அதற்கப்புறம் பேசவில்லை. பஞ்சை நனைத்தார், பூச்சிக்கு ஊட்டினார், பேசவில்லை. ஆர்டித் கதையைப் பிடுங்கப் பார்த்தாள், பேருந்தைப் பற்றிக் கேட்டாள், பல்லைப் பற்றிக் கேட்டாள். "ம்" என்றார்.

இரண்டொரு நாள் கழித்து, குப்பை போட வெளியே போனபோது, சமையலறை ஜன்னலுக்குக் கீழே பனியில் பூட்ஸ் தடம் பார்த்தாள். சின்னக் கால். வேலிக் கதவிலிருந்து வந்து ஜன்னலருகே நின்று திரும்பிப் போன தடம். ஒரு இடத்தில் வெகுநேரம் நின்றதால் பனி கட்டியாக மிதிபட்டிருந்தது. ஆர்டித்துக்குக் காது வரை சூடேறியது. என் புருஷன் இத்தனை நாள் வேலிக்கு வரவில்லை என்றதும் ஜன்னலில் எட்டிப் பார்க்கிற அளவுக்குப் போய்விட்டாளா இவள்? மண்வெட்டியை எடுத்து அந்தத் தடத்தை இருந்த இடம் தெரியாமல் வாரித் தள்ளினாள்.

பட்டாம்பூச்சி ஒரு காலையில் ஜன்னல் விளிம்பில் சிறகை விரித்தபடி கிடந்தது. வெண்டெல் அதை எடுத்துக்கொண்டுபோய்ச் செடியடியில், இலைச் சருகுக்குக் கீழே வைத்துவிட்டு வந்தார். உதிர்ந்த பூக்களை ஆர்டித் கூட்டினாள். ஜாடிகள் கழுவி அலமாரிக்குப் போயின.

வசந்தத்தில் கோரின் செடி மஞ்சளாகப் பூத்தது. ஆர்டித் வீட்டுச் செடி மொட்டையாக நின்றது, பிறகு இலை மட்டும் விட்டது. பட்டாம்பூச்சிகளுக்குச் செடி ஆணா பெண்ணா என்ற வித்தியாசமெல்லாம் இல்லை, இரண்டு செடியிலும் முட்டையிட்டுவிட்டுப் போயின. வெண்டெல் மறுபடி கோப்பையோடு வேலிக்குப் போனார். அங்கேயும் முன்போல அவ்வளவு பேச்சு இல்லை. ஆர்டித்துக்கு அதில் ஒரு சின்னத் திருப்தி.

செப்டம்பரில் குழுப் பெண்கள் தோட்டம் பார்க்க வந்தார்கள். வருஷா வருஷம் தோட்டம் தோட்டமாகப் பார்த்துப் போகிற நடை, இந்த முறை கோரின் வீட்டில்தான் தொடக்கம். ஆர்டித் வேலியோரம் ஏதோ களை பிடுங்குகிற மாதிரி குனிந்துகொண்டாள். வெண்டெல் பக்கத்தில் நின்றார்.

தொப்பி போட்ட ஒரு அம்மாள் கிளையை விலக்கி விலக்கிப் பார்த்தாள். "என்ன கோரின், ஒரு பழத்தைக்கூடக் காணோம்? போன வருஷம் கிளை தாங்கல. பறவைக்கெல்லாம் என்ன சொல்லப்போறீங்க?"

கோரின் ஒரு கணம் வேலிப் பக்கம் பார்த்தாள். ஆர்டித்தின் கண்ணைப் பார்த்தாள்.

"பூத்த சமயத்துல கடும்பனி விழுந்துருச்சு. எல்லாம் கருகிப்போச்சு" என்றாள்.

"ஆமா, பனிதான்" என்றார் வெண்டெல், யாரும் கேட்காமலே.

பூத்த சமயத்தில் பனியே விழவில்லை. மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் முழுக்க வெயில் அடித்தது, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வெண்டெல் சாக்கடை சுத்தம் செய்தது ஆர்டித்துக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்படியானால் இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்து, பேசி வைத்துக்கொண்டு, அவளுக்காகப் பொய் சொல்கிறார்கள். அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும். அவர்கள் இரண்டு பேருக்குள்ளும் ஒரு ரகசியம், அந்த ரகசியம் தான்தான் என்று நினைத்தபோது ஆர்டித்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கூட்டம் அடுத்த வீட்டுக்கு நகர்ந்ததும் வேலிக் கதவைத் திறந்துகொண்டு நேரே போனாள். வெண்டெல் "ஆர்டித்" என்று கூப்பிட்டதைக் காதில் வாங்கவில்லை. கோரின் எலுமிச்சைத் தண்ணீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நாளா ரெண்டு பேரும் என்னைப் பத்திப் பேசிச் சிரிக்கறீங்க?"

"யாரும் சிரிக்கல. உட்காருங்க."

"நான் நிக்கறேன். அவர்தானே உங்ககிட்டச் சொன்னாரு?"

"அவர் ஒண்ணும் சொல்லல. நானும் அவர்கிட்டச் சொல்லல. பிப்ரவரியில நீங்க ஏணியில நின்னு வெட்டினத என் மாடி ஜன்னல்லேர்ந்து பாத்தேன். கீழ விழுந்துடப் போறீங்களேன்னு ஃபோனைக் கையில வெச்சுட்டு நின்னேன்."

கோரின் கோப்பையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"முதல்ல கோவம் வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். எனக்கு அறுபத்தி மூணு வயசாகுது. என்னைப் பாத்து இன்னும் ஒருத்திக்குப் பொறாமை வருதேன்னு நினைச்சதும், உண்மையச் சொல்றேன், அன்னிக்குப் பவுடர் போட்டுக்கணும் போல இருந்துச்சு. போட்டுக்கிட்டேன்."

ஆர்டித்துக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இரண்டும் செய்யாமல் நின்றாள்.

"பழம் போனா போகட்டும். அடுத்த வருஷம் வரும்" என்றாள் கோரின். குரலில் அந்தப் பாட்டு இப்போது இல்லை. "ஆனா அந்தப் பூச்சிய எனக்குக் காட்டியிருக்கலாம். அது என் செடியில வளர்ந்த புழு. குட்டியா, பறவை எச்சம் மாதிரி இருந்தப்பலேர்ந்து பாத்தேன். பச்சையாச்சு, அப்புறம் ஆரஞ்சாச்சு, ஒரு நாள் வேலி ஏறி உங்க பக்கம் போச்சு. கூடு கட்டத்தான் போகுதுன்னு தெரியும். வெண்டெல் வந்து, உள்ள பூச்சி வந்திருக்கு, காட்ட ஆர்டித்துக்கு இஷ்டமில்ல, கேக்காதீங்கன்னு மட்டும் சொன்னாரு. கேக்கல. மனசு கேக்காம பனியில வந்து உங்க ஜன்னல்ல நின்னு பாத்தேன். கண்ணாடியில ஆவி படிஞ்சிருந்துச்சு. கறுப்பா ஏதோ அசைஞ்சது, அவ்வளவுதான் தெரிஞ்சுது."

மண்வெட்டியால் வாரித் தள்ளிய பனி ஆர்டித்துக்கு ஞாபகம் வந்தது. அந்த மிதிபட்ட இடம் ஞாபகம் வந்தது. "நான் நினைச்சது..." என்று ஆரம்பித்தாள். திரும்பி வீட்டுக்கு நடந்தாள்.

வெண்டெல் சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தார். எதிரே உட்கார்ந்தாள்.

"பழம் வராதது பனியால இல்லன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"கண் டாக்டர்கிட்டேர்ந்து வந்த அன்னிக்கே. ஜாடிக்குன்னு வெட்டறவங்க நாலு கிளை வெட்டுவாங்க. நீ ஏணி போட்டு வெட்டியிருந்தே. பனியில ஏணிக் கால் பதிஞ்சிருந்துச்சு."

"அப்புறம் ஏன் சிரிச்சே? ஏன் என்கிட்ட அவ்வளவு பேசினே?"

வெண்டெல் கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தார். பேச்சு வராதவர், வார்த்தை தேடினார்.

"அந்த வேலியில நான் வருஷக்கணக்கா நிக்கறேன். நீ அதப் பாக்கறியான்னுகூட எனக்குத் தெரியாது, ஆர்டித். முழங்கால் வலியோட பனியில நீ ஏணி ஏறினது எனக்காகத்தானேன்னு தோணுச்சு. சந்தோஷமா இருந்துச்சு. அது தப்புதான். ஆனா இருந்துச்சு."

"அப்புறம் ஏன் நிறுத்திட்டே?"

"நீ காட்ட வேண்டான்னதுமே மனசு விட்டுப்போச்சு. அப்புறம் கோரின் வெளிய பனியில நின்னுட்டு கண்ணாடிய உள்ளங்கையால துடைச்சதைப் பாத்தேன். உள்பக்கம் ஆவி. வெளிப்பக்கம் துடைச்சா என்ன தெரியும்? அதுக்கப்புறம் எனக்குப் பேச வரல."

ஆர்டித் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கைக்குள்ளிருந்தே கேட்டாள். "அவகிட்ட அப்படி என்னதான் பேசுவே தினமும்?"

"செடி எப்படி இருக்குன்னு கேப்பேன். அது உனக்கு வாங்கின செடி. நீ வேண்டான்னுட்டே. அது நல்லா இருக்கான்னு யாராவது பாக்க வேண்டாமா?"

"பாத்துட்டேதான் இருந்தேன் நான்" என்றாள் ஆர்டித். "தினமும். நம்ம தட்டெல்லாம் எடுத்துப் பாரு, ஒண்ணுலயாவது பூ மிச்சம் இருக்கா."

வெண்டெல் உண்மையிலேயே எழுந்துபோய் ஒரு தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நீலப் பூ இருந்த இடத்தில் வெறும் வெள்ளைதான் இருந்தது. அதைத் துடைத்துத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

அந்த இலையுதிர்காலத்தில் ஆர்டித் செடியடியில் சருகு கூட்டவில்லை, கூட்ட வந்த ஆளையும் விடவில்லை. பிப்ரவரியில் கத்தரியோடு போனாள். ஒரே ஒரு கிளை வேண்டும் மேஜைக்கு. ஒவ்வொரு குச்சியையும் மூக்கு முட்டக் கிட்டே வைத்துப் பார்த்தாள். ஒன்றில், இடுப்பில் நூல் கட்டிக்கொண்டு, காய்ந்த இலைத்துண்டு மாதிரி அது இருந்தது. அந்தக் கிளையில் சிவப்புக் கம்பளி நூலால் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு, வேறு கிளையை வெட்டிக்கொண்டு வந்தாள். மார்ச் கடைசியில் இரண்டு செடியும் பூத்தன. ஈக்கள் இங்கிருந்து அங்கே போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பார்க்கப் பிடிக்கவில்லைதான். இருந்தாலும் பார்த்தாள்.

மே மாதம் ஒரு காலை, தட்டுக் கழுவப் போகும் முன் வழக்கம்போல நூல் கட்டிய கிளையைப் பார்க்கப் போனவள், கூடு நிறம் மாறி உள்ளே கறுப்புத் தெரிவதைக் கண்டாள். ஒரு ஓரம் வெடித்திருந்தது. வெண்டெலைக் கூப்பிட்டாள். அப்புறம் வேலிப் பக்கம் திரும்பி, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

"கோரின். சீக்கிரம் வாங்க. வெளிய வருது."

கோரின் வேலிக் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். இரவு உடுப்பு, மேலே மறைந்த புருஷனின் கம்பளிச் சட்டை, ஒரு காலில்தான் செருப்பு. மூச்சு வாங்கிக்கொண்டே செடியடியில் வெண்டெலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். ஈரச் சிறகு மெல்ல மெல்ல விரிந்தது. இரண்டு பேரும் ஒரே இலைமேல் குனிந்துகொண்டு, ஒரே நேரத்தில், "நீலம், நீலம்" என்றார்கள்.

ஆர்டித்தின் கண் பூச்சிமேல் இல்லை. தூக்கத்திலிருந்து எழுந்து ஓடிவந்த கோரினின் முகத்தில் பவுடர் இருந்தது. வயிறு பழையபடி எரிந்தது. முழங்கால் வலியைப் பார்க்காமல், "கொஞ்சம் நகருங்க" என்று சொல்லி, இரண்டு பேருக்கும் நடுவில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள்.